இன்னும் 10 வருஷம் ஓட வேண்டிய பெயிண்ட்: பாலிஷ் மெஷின் ரோட்டரியா, டிஏ-வா?

என்னுடைய கறுப்பு ஹோண்டா சிவிக்கின் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, மேலும் 10 வருஷத்துக்குப் புதுப்பித்தேன். 5 வருஷத்துக்கு எடுத்தால் காசு பாதிதான், ஆனால் அது முடிந்ததும் மறுபடி நீட்டிக்க முடியாது, காரைக் கழித்தே ஆக வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருந்ததால் 10-க்கே போனேன். பெயிண்ட்தான் பரிதாபமாக இருந்தது. பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மங்கல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் பானெட், கூரை, பூட் எங்கும் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். நடுநடுவே மைனா எச்சம் அரித்த தடங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய நாட்களின் பிசின் புள்ளிகள் வேறு.

இந்த வட்டக் கீறல்கள் வருவதில் மர்மம் எதுவும் கிடையாது. புளோக்கில் நிறையப் பேர் மாதக் காசு கொடுத்துக் கார் கழுவ விடுகிறோம். கழுவுகிறவருக்கு ஓர் இரவில் பல கார்கள், கையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும். துணியில் ஏறிய மண் அடுத்த காரின் மேல் போய் உரசுகிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் காசுக்கு அந்த வேலைதான் முடியும்.

பாலிஷ் போட்டால் இந்தக் கீறல்கள் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். எப்படிப் போகின்றன என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறோம், அவ்வளவுதான். சீவியது திரும்பி வராது. நிறத்துக்கு மேலே இருக்கும் அந்தக் கண்ணாடிப் படலம் பெரும்பாலான கார்களில் 35-இலிருந்து 50 மைக்ரான் வரைதான், அதாவது மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அதில்தான் கலந்திருக்கிறது. காரின் மொத்த ஆயுளில் 7, 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காதே என்று பெயிண்ட் வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் சில வருஷத்தில் கூரையும் பானெட்டும் வெளுத்து, செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். இங்கே அடிக்கிற வெயிலுக்கு அது சீக்கிரமே நடக்கும். பழைய டாக்ஸிகளிலும் லோரிகளிலும் எல்லாரும் பார்த்திருப்போம்.

அதனால் பாலிஷ் மெஷின் தேடும்போது நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கீறலைப் போதுமான அளவு குறைத்துவிட்டு, கிளியர் கோட்டை அதிகமாக மிச்சம் வைப்பது எந்த மெஷின்? எது வேகமாக வெட்டும் என்ற கேள்விக்கு யூடியூபில் நிறைய பதில் இருக்கிறது. 10 வருஷம் இந்தக் காரையே ஓட்டப் போகிறவனுக்கு அந்தக் கேள்வி உதவாது.

முதலில் இடம். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறவருக்கு மெஷினைவிடப் பெரிய சிக்கல் இதுதான். கார் நிறுத்துமிடத்துத் தூணில் பிளக் இருக்கும், ஆனால் அது நகர மன்றத்தின் மின்சாரம். அனுமதி இல்லாமல் அதில் சொருகுவது குற்றம். பேட்டரியில் ஓடும் பாலிஷர்கள் இப்போது நன்றாகவே வந்துவிட்டன. நண்பர் ஒருவருடைய 18 வோல்ட் மெஷினைப் பிடித்துப் பார்த்தேன். இழுவை நன்றாக இருக்கிறது. ஆனால் பானெட்டை முழுசாக முடிப்பதற்குள் ஒரு பேட்டரி தீர்ந்துவிடுகிறது. முழுக் காருக்கு மூன்று நான்கு பேட்டரிகளைச் சுழற்சியில் வைத்திருக்க வேண்டும். சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடவும் கூடாது. அதோடு காம்பவுண்டு எனும் தேய்ப்புப் பசையின் தூசி பக்கத்துக் காரின் மேல் போய் விழும். அடுத்தவர் காருக்கு நடுவில் நின்று செய்கிற வேலை இது இல்லை என்று முடிவு செய்தேன். சின்னத் திருத்தத்துக்கு, ஒரு கதவுப் பிடிக்குழியைச் சுத்தம் செய்ய, பேட்டரி மெஷின் அருமையானது.

காக்கி புக்கிட்டில் தெரிந்த அண்ணன் ஒருவர் பாடி, பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், வேலை இருக்காது. இடமும் மின்சாரமும் தருவதாகச் சொன்னார். அவரிடம் ஒரு மக்கிட்டா ரோட்டரி, ஒரே மையத்தில் சுற்றும் மெஷின், இருக்கிறது, அவர் கைக்குப் பழகியது. டீடெய்லிங் செய்யும் இன்னொரு நண்பர் தன்னுடைய ஃபிளெக்ஸ் மெஷினை, 8 மில்லிமீட்டர் வீச்சில் (பேட் ஆடும் வட்டத்தின் அளவு) கியர் வைத்துச் சுற்றுவதை, இரவல் கொடுத்தார். நான் வாங்கும் எண்ணத்தில் இருந்தது 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள, தானாகச் சுற்றும் டிஏ, அதாவது ஆட்டமும் சுழற்சியும் சேர்ந்த மெஷின். மூன்றையும் ஒரே பானெட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அளவுமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கையடக்கமான பெயிண்ட் தடிமன் மீட்டர் இணையத்தில் கிடைக்கிறது. இரும்புத் தகட்டில் காந்த முறையிலும் அலுமினியத்தில் சுழல்மின்னோட்ட முறையிலும் அளக்கும், பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. என் காரில் கூரையும் பானெட்டும் 100-ஐ ஒட்டிக் காட்டின. இது நிறம், பிரைமர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்த மொத்தம். ஜப்பான் கார்களுக்கு இது வழக்கமான அளவுதான், தாராளம் என்று சொல்ல முடியாது. இடது முன்கதவு மட்டும் 230-க்கு மேல் போனது. அது முன்பே ஒருமுறை மறுபெயிண்ட் ஆன கதவு. அதன் மேல் கிளியர் கோட் வேறு வகை, அது வேறு மாதிரிதான் நடந்துகொள்ளும் என்று குறித்துக்கொண்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மீட்டர்களில் இரண்டு மூன்று மைக்ரான் முன்பின் இருக்கும். ஒரு பாலிஷில் போவதே அவ்வளவுதான். ஆகவே பாலிஷுக்கு முன்னும் பின்னும் அளந்து “ஒரு மைக்ரான்தான் எடுத்தேன்” என்று சொல்ல இந்த மீட்டரால் முடியாது. காரின் எந்தத் தகட்டுப் பலகையில் பெயிண்ட் மெலிந்திருக்கிறது, எது மறுபெயிண்ட் ஆனது என்று காட்டுவதுதான் இதன் வேலை. அதற்கே கொடுத்த காசு தகும்.

கழுவி, இரும்புத் துகள் கரைப்பான் அடித்து, அது ஊதா நிறமாக ஓடியதும் அலசி, அழுக்குத் துகளை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கிளே வைத்துத் தேய்த்து, ரப்பர் ஓரங்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி முடிப்பதற்கே பாதிக் காலை போய்விட்டது. இந்தப் பகுதியைச் சுருக்காதீர்கள். கிளே எடுக்காமல் விட்ட துகள், மெஷினின் முகப்பில் ஒட்டும் மெத்தையான பேட்டில் மாட்டினால் புதுக் கீறலை நாமே போட்டுவிடுவோம்.

ரோட்டரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் மூத்தது. மோட்டாரின் சுழற்சி கியர் வழியாக நேராகப் பேட்டுக்கு வருகிறது. ஒரே மையம், ஒரே திசை, நிமிடத்துக்கு 600-இலிருந்து 3000 சுற்று வரை. கிரைண்டரின் உறவுதான் இது. ஃபிளெக்ஸ் கம்பெனி 1954-இல் கொண்டுவந்த ஆங்கிள் கிரைண்டரின் உடல்வாகை இன்றைய ரோட்டரிகளில் பார்க்கலாம். நாம் எவ்வளவு அழுத்தினாலும் அது நிற்காது. அதன் பலமும் ஆபத்தும் அந்த ஒரே குணத்தில் இருக்கின்றன. பேட் ஒரே இடத்தில் நின்றால் சூடு அங்கேயே குவியும். ஓரத்திலோ பலகையின் மடிப்பிலோ பட்டால் அந்த மெலிந்த இடத்தில் கிளியர் கோட் கண்ணெதிரில் போய்விடும், அடியில் இருக்கும் நிறம் பேட்டில் ஏறும். பம்பரில் இன்னும் கவனம் வேண்டும்: இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது.

அண்ணன் ரோட்டரி பிடிப்பதைப் பார்ப்பது ஒரு பாடம். வயரைத் தோள் மேல் போட்டுக்கொள்கிறார். பேட்டை முழுசாகப் படுக்க வைக்காமல் இம்மி சாய்க்கிறார். பலகையின் ஓரத்துக்கு வரும்போது பேட் எப்போதும் ஓரத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுற்றுமாறு பக்கம் மாறி நிற்கிறார். உள்ளே வெட்டிக்கொண்டு வரும் திசையில் ஒருபோதும் இல்லை. நடுநடுவே புறங்கையைத் தகட்டில் வைத்துச் சூடு பார்க்கிறார். “தம்பி, மெஷின் சத்தத்தைக் கேளு. காம்பவுண்டு காய்ஞ்சா சத்தம் மாறும். அப்போ கையை எடுத்துடு” என்றார். கேட்டேன். உண்மையிலேயே மாறுகிறது, ஈரம் இருக்கும்வரை மந்தமான ஒலி, காய்ந்ததும் கீச்சென்று ஒரு கூர்மை. எல்லா மெஷினுக்கும் இது பொருந்தும்.

அவருக்கு ரோட்டரிதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் வேலை புதிதாக அடித்த கிளியர் கோட்டில். தடிமன் தாராளமாக இருக்கும், தூசியை 2000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்திருப்பார், அந்தத் தேய்ப்புத் தடத்தைக் கம்பளி பேட்டும் ரோட்டரியும் சில நிமிடத்தில் எடுத்துவிடும். அதையே டிஏ வைத்து எடுக்க நின்றால் கடை நடத்த முடியாது. பத்து வருஷம் வெயில் தின்ற, 100 மைக்ரான் மொத்தத் தடிமனுள்ள பெயிண்ட் அவர் மேஜைக்கு வருகிற விஷயமே இல்லை.

அடுத்தது தானாகச் சுற்றும் டிஏ. இதில் மோட்டாரின் தண்டும் பேட்டின் மையமும் ஒன்றாக இருக்காது, கொஞ்சம் தள்ளியிருக்கும். மோட்டார் பேட்டைச் சின்ன வட்டத்தில் ஆட்டுகிறது. பேட் தன்னைத் தானே சுற்றிக்கொள்வது பேரிங்கின் தயவால், அதைக் கட்டாயப்படுத்தும் கியர் உள்ளே இல்லை. ஆட்டுரலில் மாவு ஆட்டியவர்களுக்கு உடனே புரியும்: கை குழவியை வட்டமாகக் கொண்டுபோகிறது, குழவி தானாக உருள்கிறது, மாவு இறுகினால் கை வட்டமிட்டாலும் குழவி உருள்வது குறைந்துவிடும். டிஏ-யிலும் அதேதான். அழுத்தினால், வளைவில் வைத்தால், சாய்த்தால், பேட் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். நின்றால் வெட்டாது. பெயிண்டுக்கு இது ஒரு காவல். அளவுக்கு மீறிப் போக இந்த மெஷின் சுலபத்தில் விடாது.

பேட் சுற்றுகிறதா என்பது ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு சுற்றி வந்தால் வேலை நடக்கிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் நேரமும் மின்சாரமும்தான் போகிறது. இந்த வேலையில் நான் பார்த்த கருவிகளிலேயே விலை குறைந்ததும் பயன் அதிகமானதும் அந்தக் கோடுதான்.

விளம்பரத்தில் வரும் 8, 12, 15, 21 மில்லிமீட்டர் என்பது அந்த ஆட்ட வட்டத்தின் விட்டம், அதைத்தான் வீச்சு என்கிறேன். வீச்சு கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் பேட் கடக்கும் தூரம் கூடும், வேலை வேகமாகும், பெரிய சமதளத்தில் அழகாக வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் வளைவில் சீக்கிரம் நின்றுபோகும். இத்தாலியின் ரூபெஸ் கம்பெனியின் 15, 21 மில்லிமீட்டர் மெஷின்கள் வந்தபிறகுதான் இந்த நீண்ட வீச்சு பரவலாயிற்று. இப்போது அதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. 21-க்கு 6 அங்குல பிளேட், 15-க்கு 5 அங்குல பிளேட் என்பது வழக்கம். பெரிய எம்பிவி, வேன் கூரைகளுக்கு 21 சரி. சிவிக் மாதிரி ஒரு செடானில், கதவு நடுவே மடிப்பு ஓடுகிற உடலில், 21-ஐ வைக்க இடமே குறைவு. நிறையப் பேர் பெரிய எண்ணைப் பார்த்து 21 வாங்கிவிடுகிறார்கள். வாங்குமுன் உங்கள் காரின் பலகைகளில் ஒரு டேப்பை வைத்து, மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே எத்தனை அங்குலம் சமமாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். என் காரின் கதவுகளில் 5 அங்குலமே அளவாகத்தான் பொருந்தியது.

15-இல் 6 அங்குல பிளேட்டை மாட்டிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். உள்ளே இருக்கும் எதிர்எடை அந்தந்த பிளேட்டின் எடைக்கு ஏற்றபடி வைக்கப்பட்டது. மாற்றினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

மூன்றாவது வகை, கியர் வைத்த டிஏ. ஆட்டமும் உண்டு, சுற்றும் கட்டாயம். அழுத்தினாலும் வளைவில் வைத்தாலும் நிற்காது. ரோட்டரியின் பிடிவாதமும் டிஏ-யின் ஆட்டமும் கலந்த பிறவி. ஃபிளெக்ஸின் 8 மில்லிமீட்டர் மெஷின் இதில் பேர்பெற்றது. மக்கிட்டாவில் 5.5 மில்லிமீட்டர் வீச்சில் கட்டாயச் சுழற்சிக்கும் தானாகச் சுற்றுவதற்கும் மாற்றிக்கொள்ளும் மெஷின் ஒன்று இருக்கிறது. கையில் பிடிக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும். மெஷின் தனக்கென்று ஒரு பக்கம் நடக்கப் பார்க்கும், அதைத் தடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். செங்குத்தான கதவில் நெடுநேரம் பிடித்தால் முன்கை நோகிறது. நிற்காது என்பதால் காவலும் குறைவு. ஓரங்களில் ரோட்டரிக்கு வைக்கும் மரியாதையை இதற்கும் வைக்க வேண்டும்.

சரி, பானெட்டுக்கு வருவோம். டேப்பால் மூன்று சதுரம் பிரித்தேன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை அடி. எல்லாவற்றிலும் ஒரே காம்பவுண்டு, நடுத்தரமானது. ரோட்டரியை அண்ணனே பிடித்தார், ஃபோம் பேட் போட்டு. மற்ற இரண்டையும் நான் பிடித்தேன். ஒவ்வொரு சதுரமும் முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்தோம். இதைச் செய்யாவிட்டால் காம்பவுண்டின் எண்ணெய் கீறலுக்குள் போய் நின்று, எல்லாம் போய்விட்டது போல ஏமாற்றும். பிறகு கடை விளக்கை அணைத்துவிட்டு எல்இடி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தோம்.

ரோட்டரி சதுரத்தில் கீறல்கள் மிகச் சில ஓட்டங்களிலேயே காணாமல் போயின. தூரத்திலிருந்து பார்க்க அற்புதமான ஆழம். டார்ச்சை நகர்த்தினால், வெளிச்சத்தோடு சேர்ந்து நகரும் பட்டை பட்டையான தடங்கள். டீடெய்லிங்காரர்கள் ஹோலோகிராம் என்று சொல்வது அதைத்தான். கறுப்பில் இது ஒளியாது. அதை எடுக்க டிஏ-யால் இன்னொரு ஓட்டம் வேண்டும். அதாவது இரண்டாவது சீவல்.

கியர் டிஏ சதுரம் ரோட்டரிக்குக் கொஞ்சம்தான் பின்தங்கியது. ஹோலோகிராம் இல்லை. ஆனால் மெல்லிய புகை படர்ந்த மாதிரி ஒரு மங்கல், டார்ச்சுக்கு நேராக வைத்தால் மட்டும் தெரிவது. அதற்கும் மென்மையான பேட்டில் இன்னொரு ஓட்டம் வேண்டியிருந்தது.

தானாகச் சுற்றும் 15-இல் மெதுவாகத்தான் நடந்தது. மேலும் கீழும், இடமும் வலமும் என்று குறுக்கு மறுக்காக அதிக ஓட்டங்கள். ஆனால் முடித்துத் துடைத்ததும் அதுவே கடைசிப் படி. மங்கல் இல்லை, தடம் இல்லை. ஆழமான ஓரிரு கீறல் நின்றது, மற்றதெல்லாம் போயிருந்தது. ஹோண்டாவின் கறுப்பு மென்மையான பெயிண்ட் என்று பேர் வாங்கியது. மென்மையான பெயிண்டில் கீறல் சுலபமாக விழும், சுலபமாகப் போகும், மெஷின் விடும் தடமும் சுலபமாகத் தெரியும். வெட்டும் வேகம் அங்கே ஏற்கெனவே உபரியாக இருக்கிறது. நமக்கு வேண்டியது சுத்தமாக முடிக்கும் மெஷின். ஒரே படியில் முடிவதால் சீவல் ஒருமுறைதான். வேகமான மெஷினில் வெட்டிவிட்டு இன்னொன்றால் ஆற்றுவதைவிட இதில் கிளியர் கோட் அதிகம் மிஞ்சுகிறது. எனக்கு முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது.

எல்லாருக்கும் இதே முடிவு வராது. மெர்சிடிஸ் 2003-இல் பீங்கான் நுண்துகள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. ஜெர்மன் கார்கள் பலவற்றில் மேல்படலம் இறுகியிருக்கும். அதில் ஃபோம் பேட்டும் டிஏ-யும் வைத்து நின்றால் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அங்கே டிஏ-யில் மைக்ரோஃபைபர் அல்லது கம்பளி பேட், அதுவும் போதாவிட்டால் கியர் டிஏ. எந்த மெஷின் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது என்ன கார், என்ன நிறம், மறுபெயிண்ட் ஆனதா என்பதைத்தான். வெள்ளைக் காருக்கு இவ்வளவு மெனக்கெடவே வேண்டாம், ஒரு மிதமான பாலிஷ் ஓட்டமே கண்ணுக்குப் போதும்.

பேட்டைப் பற்றிப் பேசாமல் மெஷினைப் பற்றி மட்டும் பேசுவது அரைப் பேச்சு. ஒரே 15 மெஷினில் கடினமான வெட்டும் பேட்டை மாட்டினால் ஒரு மெஷின், மென்மையான முடிக்கும் பேட்டை மாட்டினால் வேறொரு மெஷின். ஆரம்பம் எப்போதும் மென்மையிலிருந்துதான்: மென்மையான பேட், மென்மையான பாலிஷ், ஒரு சோதனைச் சதுரம். போதவில்லை என்றால் முதலில் பேட்டை ஒரு படி ஏற்றுங்கள், பிறகு காம்பவுண்டை. பேட் தாராளமாக வாங்குங்கள். ஒரு பேட்டில் காரை முடிக்கப் பார்த்தால் சூட்டிலும் ஈரத்திலும் ஃபோம் தளர்ந்து, நடுவில் வெந்து, பின்பக்க வெல்க்ரோ பிய்ந்துகொள்ளும். நீண்ட வீச்சில் நடுப்பகுதிதான் அதிகம் சூடாகும், நடுவே ஓட்டையுள்ள பேட் வருவது அதற்காகத்தான். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேட்டைப் பிரஷால் தேய்த்தோ காற்று அடித்தோ சுத்தம் செய்தேன். பட்டறையில் கம்ப்ரஸர் இருந்தது பெரிய வரம்.

ஏர்கான் இல்லாத பட்டறையில் பகலில் 32 டிகிரி, காற்றில் ஈரம் பிசுபிசுக்கும். காம்பவுண்டு ஒரு பக்கம் சீக்கிரம் காய்கிறது, துடைத்த ஆல்கஹால் இன்னொரு பக்கம் சோம்பலாக ஆறுகிறது. வேகத்தை ஒரு எண் குறைத்து, சதுரத்தைச் சிறிதாக்கி, பேட்டில் பட்டாணி அளவு நான்கு சொட்டு மட்டும் வைத்தபோது எல்லாம் வசத்துக்கு வந்தது. கையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம்; மெதுவாகத் தோன்றும், அதுதான் சரியான வேகம். நெற்றி வியர்வை பானெட்டில் சொட்டினால் அப்போதே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் உப்புத் தடம் விழும். தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டேன். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, கம்பளி பேட் பிடிக்கும்போது முகமூடி. மத்தியான மழை வருவதற்குள் முடிக்கும் திட்டம் எதுவும் போடாதீர்கள், பாதிப் பாலிஷில் காரை வெளியே எடுக்க நேரும்.

கூரையிலிருந்து கீழே இறங்கினேன். கூரையும் பூட்டும் 15-க்கே பிறந்த மாதிரி. கதவுகளின் மடிப்புக்கு மேலும் கீழும் தனித்தனியாக, மடிப்பின் மேல் டேப் ஒட்டிவிட்டு. மறுபெயிண்ட் ஆன கதவு எதிர்பார்த்தபடியே முரண்டு பிடித்தது. அங்கே மென்மையான பேட் எதையும் அசைக்கவில்லை, ஒரு படி கடினமான பேட் கேட்டது. தடிமன் இருக்கிறது என்று மீட்டர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் தயங்காமல் மாற்றினேன்.

15 நின்றுபோன இடங்கள் உண்டு. முன்கண்ணாடித் தூண், பக்கக் கண்ணாடிக் கூடு, பம்பரில் பனிவிளக்கைச் சுற்றிய குழி, கதவுப் பிடிக்குப் பின்னால். இந்த இடங்களுக்கு 3 அங்குலப் பேட் போடும் சின்ன மெஷின் ஒன்று வேண்டும். நண்பரிடம் இருந்ததை வாங்கிச் செய்தேன். சின்ன பேட்டில் நம் அழுத்தம் சின்ன இடத்தில் குவியும், ஆகவே அங்கே கை இன்னும் லேசாக இருக்க வேண்டும். பட்ஜெட் இருந்தால் பெரிய மெஷினில் விலை குறைந்த ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சக் காசில் இந்தச் சின்னதையும் சேர்த்து வாங்குங்கள் என்பேன். விலை உயர்ந்த ஒரு 15-ஐ மட்டும் வைத்துக்கொண்டு தூண்களைக் கையால் தேய்ப்பதைவிட அது பலமடங்கு மேல்.

நான் கடைசியில் வாங்கியது உள்ளூர்க் கடையில் உத்தரவாதத்தோடு ஒரு 15, தானாகச் சுற்றுவது. வாங்கும்போது பார்த்தவை: 230 வோல்ட்தானா, பிளக் மூன்று முள்ளா, பேக்கிங் பிளேட்டும் கார்பன் பிரஷும் இங்கே தனியாகக் கிடைக்குமா. அமெரிக்கத் தளங்களில் மலிவாக வரும் மெஷின்கள் 120 வோல்ட், இங்கே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது. பிளேட்டின் மரையும் அமெரிக்க அளவில் வேறாக இருக்கலாம். கேரோசல் விற்பனைத் தளத்தில் பழைய மெஷின் பார்ப்பவர்கள் பேட் இல்லாமல் ஓடவிடாமல், ஒரு பேட்டை மாட்டித் தகட்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அரைக்கும் சத்தம் வரும். பிளேட்டின் வெல்க்ரோ முடி உருகியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

பின் இடது ஃபெண்டரில் ஒரு கீறல் மிச்சம் இருக்கிறது, நகம் மாட்டும் ஆழம். நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காது. அண்ணன் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடலாமா என்று கேட்டார். அந்த இடத்தில் மீட்டர் 95-தான் காட்டுகிறது. வேண்டாம் அண்ணே, அதன் விளிம்பை மட்டும் பாலிஷில் மழுக்கிவிட்டால் போதும் என்றேன். மழுக்கினோம், வெளிச்சம் இப்போது அதில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கடைசியாக ஒருமுறை ஆல்கஹால் துடைப்பு, அதன் மேல் சீலன்ட் எனும் காப்புப் பூச்சு.

பேட்களை அன்று இரவே கழுவிவிடுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்து, மெஷினில் மாட்டி ஒரு வாளிக்குள் மெதுவாகச் சுற்றவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் தெறித்து வெளியேறும். பிறகு வெல்க்ரோ பக்கம் கீழாக, காற்றாடி அடியில். இங்கே இருக்கும் ஈரத்துக்கு ஈரப் பேட்டைப் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குப் பிறகு குப்பைதான்.